கம்ப்யூட்டர் மக்கர் பண்ணும்போது முதலில் ஃபைலைக் காப்பாற்றுங்கள்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வக்கீல் குமாஸ்தாக்கள், பத்திரம் எழுதுகிறவர்கள், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகக்காரர்கள், ஆய்வேடு எழுதும் பிள்ளைகள். மெஷின் போச்சே என்று யாரும் என் முன்னால் கண் கலங்கியதில்லை, உள்ளே இருந்த ஆறு மாத வேலை போச்சு என்று தெரிந்ததும் பேசமுடியாமல் உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு இதில் மனசு ஆறாத விஷயம், அதில் பாதிப் பேருக்கு ஃபைல் போனது பழுதால் இல்லை. பழுதுக்கு அப்புறம் வந்த அரைமணி நேரத்தில், பதற்றத்தில், யாரோ சொன்னார்கள் என்று ஃபார்மட் போட்டதால், விண்டோஸை மறுபடி ஏற்றியதால், டிஸ்க்கைத் தட்டிப் பார்த்ததால் போனது.

அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் வரிசை இதுதான்: முதலில் ஃபைல் பத்திரமா என்று பார்ப்பது, அப்புறம் மெஷினைச் சரிசெய்வது. காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு கூடியது கடைசியில்.

## யுபிஎஸ் இருக்கிறது, ஆனாலும் கரன்ட் போனதும் கம்ப்யூட்டர் அணைகிறது

ஐப்பசி, கார்த்திகை மழையில் எனக்கு அதிகம் வரும் புகார் இது.

எந்த சாக்கெட்டில் சொருகியிருக்கிறது? சில யுபிஎஸ்களின் பின்பக்கம் இரண்டு வகை சாக்கெட் இருக்கும். ஒன்றில் பேட்டரி மின்சாரம் வரும், இன்னொன்று மின் அதிர்விலிருந்து காப்பதோடு சரி. சிபியு முதல் வகையில்தான் இருக்கிறதா பாருங்கள். மானிட்டரும் அதில் இருக்கவேண்டும், திரை இருட்டாகிவிட்டால் எங்கே போய் சேவ் செய்வது?

லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டியிருக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள், சுவர் சாக்கெட்டில் மாட்டுங்கள். லேசர் பிரிண்டர் சூடாகும் நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தை வீட்டுக்கு வாங்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்காது. ஒரு அச்சகத்தில் மூன்று முறை யுபிஎஸ் மாற்றிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள், காரணம் இதுதான்.

பேட்டரி. வேலையை எல்லாம் சேவ் செய்து மூடிவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. சின்ன யுபிஎஸ்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரிதான் இருக்கும், இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் அதிகம் எதிர்பார்க்கமுடியாது, காற்றே இல்லாத மேஜைக்கு அடியில் வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், புது யுபிஎஸ் வேண்டியதில்லை. பேட்டரி உப்பியிருந்தால் நீங்களே நெம்பி எடுக்கவேண்டாம்.

ஆள் கூப்பிடவேண்டிய இடம்: புதுப் பேட்டரி போட்டும் அணைகிறது என்றால் யுபிஎஸ் போர்டு, அதைச் சர்வீஸுக்குக் கொடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கிறது என்றால் அது என் வேலை இல்லை, எலக்ட்ரீஷியன் வந்து எர்த் பார்க்கும்வரை அந்த மெஷினைப் போடாதீர்கள்.

ஒன்று சொல்லவேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்த பிறகு, பல நாள் இருட்டில் இருந்துவிட்டு மின்சாரம் திரும்பியபோது கடைக்கு வந்ததில் நிறைய எஸ்எம்பிஎஸ் (சிபியுவுக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) எரிந்த கேஸ். புயல் அடிக்கும்போது கெட்டவை இல்லை அவை, வோல்டேஜ் ஏறி இறங்கி வந்த முதல் சில நிமிடங்களில் போனவை. நீண்ட மின்வெட்டு என்றால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், கரன்ட் வந்து பத்து நிமிடம் நிலையாக நின்ற பிறகு மாட்டுங்கள்.

## சேவ் செய்யாமல் மூடிக்கொண்டது, அல்லது சேவ் செய்த ஃபைல் காணவில்லை

இங்கே ஐந்தாறு கிளை இருக்கிறது, உங்களுக்கு எது நடந்தது என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். அதுவரை அந்த மெஷினில் வேறு எதையும் இறக்காதீர்கள், புது சாஃப்ட்வேர் போடாதீர்கள்.

முன்னால் ஒரு முறையாவது சேவ் செய்த ஃபைல், நடுவில் கரன்ட் போனது. வேர்டை அப்படியே திறங்கள். இடப்பக்கம் மீட்ட ஃபைல்களின் பட்டியல் வரும். அதில் நேரம் பார்த்து, கடைசியானதைத் திறந்து, உடனே வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். பழைய பெயரிலேயே மேலே எழுதவேண்டாம், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். அந்தப் பட்டியலை அவசரத்தில் மூடிவிடுகிறவர்கள் அதிகம். தயவுசெய்து படிக்காமல் மூடாதீர்கள்.

ஒரு முறைகூட சேவ் செய்யாத புது ஃபைல், அல்லது சேவ் செய்யவா என்று கேட்டபோது வேண்டாம் என்று அழுத்திவிட்டீர்கள். வேர்டில் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட் என்று போனால் ரெகவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். எக்செல்லிலும் அதே இடத்தில் உண்டு. அங்கே இருப்பவை சில நாளில் தானாக அழிந்துவிடும், நாளைக்குப் பார்ப்போம் என்று விடவேண்டாம்.

சேவ் செய்தேன், சத்தியமாகச் செய்தேன், ஆனால் எங்கே என்று தெரியவில்லை. நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தார். "அண்ணா, பத்து தடவை கன்ட்ரோல் எஸ் அடிச்சேன், காணோம்." அவர் சொன்னது உண்மை. மெயிலில் வந்த ஃபைலை இறக்காமல் அங்கிருந்தே திறந்து நாள் முழுக்கத் திருத்தியிருக்கிறார், சேவ் ஆனதெல்லாம் ஒரு தற்காலிக ஃபோல்டருக்குள். வாட்ஸ்அப்பிலிருந்து நேராகத் திறந்தாலும் இதே கதைதான். வேர்டில் ஃபைல், ஓப்பன், ரீசன்ட் பட்டியலில் அந்தப் பெயரைப் பாருங்கள், அதற்குக் கீழே ஃபோல்டர் வழியும் எழுதியிருக்கும். அங்கிருந்தே திறந்து டாக்குமென்ட்ஸில் சேவ் செய்யுங்கள். அவருக்கு அப்படித்தான் முழுசாகக் கிடைத்தது.

தெரியாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு சேவும் செய்துவிட்டேன். ஃபைல் இன்னும் திறந்தே இருக்கிறதா? மூடாதீர்கள். சேவ் செய்த பிறகும் கன்ட்ரோல் இசட் பின்னால் போகும். மூடியாகிவிட்டது என்றால், ஃபைல் மீது வலது கிளிக் செய்து பழைய பதிப்புகள் இருக்கிறதா பாருங்கள், ஆனால் விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரியை முன்பே இயக்கி வைத்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் ஏதாவது இருக்கும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவில் வைத்திருந்தால் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய பதிப்பு கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பேஜ்மேக்கர், அதாவது பக்கம் வடிவமைக்கும் சாஃப்ட்வேர். அச்சகங்களில் இன்னும் இதுதான் ஓடுகிறது. பக்கம் மாற்றும்போதெல்லாம் அது தானாக ஒரு மினி சேவ் வைத்துக்கொள்ளும். கரன்ட் போய் வந்ததும் அதே ஃபைலைத் திறந்தால் அந்த நிலைக்கு வந்துவிடும். வேலை நடக்கும்போதே சொதப்பிவிட்டால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஃபைல் மெனுவில் ரிவர்ட் கொடுங்கள், கடைசி மினி சேவுக்குப் போகும். ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருகிறவர்களுக்கு மட்டும் இது உதவாது.

ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. இங்கே உங்கள் டிஸ்க் எது என்பதுதான் கேள்வி. பழைய ஹார்டு டிஸ்க் என்றால், அதன் மேல் எதுவும் எழுதாத வரை மீட்க நல்ல வாய்ப்பு இருக்கிறது: மெஷினை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் மாட்டி ரெகுவா மாதிரி ஒன்றை ஓட்டவேண்டும். மீட்கும் சாஃப்ட்வேரை அதே டிஸ்க்கில் இறக்கினால், மீட்கவேண்டிய ஃபைல் மேலேயே அது போய் உட்கார்ந்துவிடலாம். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் நிலைமை வேறு, அழித்த இடத்தை விண்டோஸ் சொல்லி எஸ்எஸ்டி தானே துடைத்துவிடும், வாய்ப்பு ரொம்பக் குறைவு.

இன்றே மாற்றவேண்டிய ஒன்று: வேர்டு சும்மா விட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் மீட்புப் பிரதி எடுக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் பத்தை அழித்து ஒன்று என்று போடுங்கள். லிப்ரே ஆபீஸிலும் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோடு சேவ் பகுதியில் இது உண்டு, அங்கேயே எப்போதும் பேக்கப் பிரதி வைக்கச் சொல்லும் கட்டத்தையும் டிக் செய்துவிடுங்கள்.

## ஃபைல் திறக்கிறது, தமிழ் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது

இதற்குப் போய் ஒருவர் நாற்பது பக்கத்தை மறுபடி அடித்தார், கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. ஃபைல் கெடவில்லை. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல், எழுத்துரு இல்லாத மெஷினில் இப்படித்தான் தெரியும். ஃபார்மட் போட்டு வந்த மெஷினில் இது நிச்சயம் நடக்கும். எழுத்தைத் தேர்ந்தெடுத்து மேலே எழுத்துருப் பெயர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள், அதே எழுத்துருவை ஏற்றினால் அப்படியே திரும்பி வந்துவிடும். யாராவது ஃபார்மட் போடுவதற்கு முன்னால் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். இனிமேல் அடிப்பதை, எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடியுங்கள்.

## பவர் பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை, அல்லது ஃபேன் ஓடுகிறது, திரை கறுப்பு

பெரும்பாலும் இதில் ஃபைலுக்கு ஆபத்து இல்லை. டிஸ்க் நன்றாக இருக்கும், நிம்மதியாக இருங்கள்.

உயிரே இல்லை என்றால்: சுவர் சாக்கெட்டில் மொபைல் சார்ஜர் போட்டுப் பாருங்கள். பவர் கேபிளை மாற்றிப் பாருங்கள். சிபியுவின் பின்னால் எஸ்எம்பிஎஸ் மேல் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், துடைக்கும்போது அணைந்திருக்கும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். இதற்கெல்லாம் அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் மாற்றவேண்டும், அதற்கும் மேலே மதர்போர்டு.

ஃபேன் ஓடித் திரை கறுப்பு, அல்லது பீப் பீப் என்று கத்துகிறது என்றால்: முதலில் மானிட்டர் கேபிள். அடுத்து ராம், மதர்போர்டில் நிற்கும் நீளமான நினைவகப் பட்டை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, டிக் என்று சத்தம் வர உட்கார வையுங்கள். தேவனாம்பட்டினம், ஓ.டி. துறைமுகம் பக்கம் கடல் காற்று நேராக அடிக்கும் வீடுகளில் இதை வருடத்துக்கு இரண்டு முறை செய்யவேண்டி வருகிறது, உப்பு படிந்து பச்சை பூத்திருக்கும்.

தேதி எப்போதும் பழைய வருடத்துக்குப் போகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரி வட்ட பேட்டரி, சிஆர் 2032. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

## விண்டோஸ் உள்ளே போகவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது

முதலில் எல்லா பென்டிரைவையும் பிரிண்டர் கேபிளையும் பிடுங்கிவிட்டு ஒரு முறை போடுங்கள். பாதி சமயம் பென்டிரைவிலிருந்து பூட் ஆகப் பார்த்து நின்றிருக்கும்.

ஃபைலை எடுப்பது. இரண்டு மூன்று முறை நடுவில் நின்றால் விண்டோஸ் தானாக ரிப்பேர் திரைக்கு வரும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் ப்ராம்ப்ட். கறுப்புத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் கொடுத்து, கீழே ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றினால் உங்கள் டிஸ்க் முழுக்கத் தெரியும். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் போய், வேண்டியதை வலது கிளிக்கில் காப்பி செய்து பென்டிரைவில் ஒட்டிக்கொள்ளலாம். டிரைவ் எழுத்து மாறியிருக்கும், சி-யில் இல்லாமல் டி-யில் இருக்கலாம், பயப்படவேண்டாம். காப்பி நடப்பது திரையில் தெரியாது, பெரிய ஃபோல்டர் என்றால் பொறுத்திருங்கள். ஒரு ரூபாய் செலவில்லாத இந்த வழியில் எத்தனையோ பேருடைய வேலையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி, 48 இலக்க சாவி கேட்கிறது. புது லேப்டாப்களில் நீங்கள் போடாமலே இது போட்டு வருவதுண்டு. சாவி பெரும்பாலும் நீங்கள் லேப்டாப்பை முதன்முதலில் இயக்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், மொபைலிலிருந்து அந்தக் கணக்குக்குள் போய்ப் பாருங்கள். சாவி இல்லாமல் நானும் திறக்கமுடியாது, வேறு யாரும் திறக்கமுடியாது. திறந்து தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பவேண்டாம். மெஷின் நன்றாக இருக்கும் இன்றைக்கே அந்தச் சாவியைப் பேப்பரில் எழுதி பீரோவில் வையுங்கள்.

ஃபைல் வெளியே வந்த பிறகு மட்டும் ஸ்டார்ட்அப் ரிப்பேர், அதற்கு மசியவில்லை என்றால் ரீசெட். கீப் மை ஃபைல்ஸ் என்று போட்டாலும் சாஃப்ட்வேர்கள் போய்விடும், டாலி மாதிரி கணக்கு டேட்டா வேறு ஃபோல்டரில் இருக்கும், அதை மறக்காதீர்கள். சர்வீஸ் கடைக்குக் கொடுத்தால், டேட்டா வேண்டும், கேட்காமல் ஃபார்மட் போடக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

பூட் டிவைஸ் இல்லை என்கிறது. டெஸ்க்டாப்பில் டிஸ்க்குக்குப் போகும் மெல்லிய சாட்டா கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுங்கள், முடிந்தால் மாற்றுங்கள். அப்புறமும் இல்லை என்றால் அடுத்த தலைப்பு.

## தாங்கமுடியாத மெதுவு, ஃபைல் திறக்கும்போது உறைகிறது, டக் டக் சத்தம்

சத்தம் கேட்கிறதா? அப்படியென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மெஷினை அணையுங்கள். சீராக டக், டக் என்று அடிப்பது ஹார்டு டிஸ்க்கின் உள்ளே தட்டைப் படிக்கும் தலை தடுமாறுவது. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் ஃபைல் இருக்கும் தட்டு கீறப்படலாம். ஃப்ரீசரில் வைப்பது, தட்டுவது, மூடியைத் திறந்து பார்ப்பது எதுவும் கூடாது, ஒரு தூசி போதும். இங்கே நான் கை வைக்கமாட்டேன், சென்னையில் சுத்தமான அறை வைத்திருக்கும் டேட்டா மீட்பு நிலையங்களுக்குத்தான் அனுப்புவேன். பல ஆயிரம் ஆகும், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. உள்ளே இருப்பதற்கு அவ்வளவு மதிப்பு உண்டா என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

சத்தம் இல்லை, மெதுவு மட்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. திறந்ததும் குட், காஷன், பேட் என்று காட்டும். காஷன் வந்துவிட்டால் அன்றைக்கே காப்பி எடுங்கள், முக்கியமானதை முதலில், சினிமாவைக் கடைசியில். விண்டோஸில் இருக்கும் செக் டிஸ்க் சோதனையை ஓட்டவேண்டாம், சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவைப்பதுதான் அது, ஃபைலை வெளியே எடுத்த பிறகு எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

குட் என்று வந்து மெதுவாக இருந்தால், டிஸ்க் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எஸ்எஸ்டிக்கு மாறுங்கள், பழைய மெஷினும் நன்றாக ஓடும். ஆனால் எஸ்எஸ்டி சாகும்போது சத்தமே போடாது, நேற்று இருந்தது இன்று இருக்காது, அதனால் எஸ்எஸ்டி போட்டவர்களுக்கு காப்பி இன்னும் முக்கியம்.

## பென்டிரைவ் ஃபார்மட் பண்ணவா என்று கேட்கிறது, அல்லது எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது

ஃபார்மட் கேட்டால் கேன்சல். வேறு போர்ட், வேறு மெஷின் பாருங்கள். அப்புறமும் கேட்டால் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற மீட்பு சாஃப்ட்வேர்கள் இரண்டும் இலவசம், மீட்டதை அதே பென்டிரைவில் சேவ் செய்யாதீர்கள்.

ஜெராக்ஸ் கடையில் சொருகி வந்த பிறகு எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது வைரஸ், ஃபைல்கள் உள்ளேயேதான் ஒளிந்திருக்கின்றன. எந்த ஷார்ட்கட்டையும் கிளிக் செய்யாமல், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்தால் தெரியும். ஆய்வேட்டின் ஒரே பிரதியை அந்தப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பிரின்ட் போடப் போகாதீர்கள்.

## ஃபைல் பெயரெல்லாம் மாறி, பணம் கேட்டுக் கடிதம் கிடக்கிறது

நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், பேக்கப் டிஸ்க்கை மாட்டாதீர்கள். பணம் கட்டாதீர்கள். பூட்டப்பட்ட ஃபைல்களை அழிக்கவேண்டாம், நோ மோர் ரான்சம் என்ற தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி இருக்கிறது. சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் புகார் சொல்லுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது, அதில் இன்னும் நெட் பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதல் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

## தண்ணீரில் நின்ற சிபியு

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருகி வீடுகளுக்குள் வந்தபோது, சேறு வழியும் சிபியுக்களைத் தலையில் சுமந்து கொண்டுவந்தார்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க சுவிட்சைப் போட்டவர்களுடையதுதான் அதிகம் போனது. போடாதீர்கள். வெயிலில் வைக்கவேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம். நனைந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, உறையில் மூடி, நேராக மீட்பு நிலையத்துக்கு. மற்ற பாகங்களை என்னிடம் கொண்டுவரலாம், அவை போனாலும் வாங்கிக்கொள்ளலாம். புயல் எச்சரிக்கை வந்த அன்றே சிபியுவைத் தரையிலிருந்து மேஜைக்கோ பரண்மேலோ ஏற்றிவிடுங்கள்.

## எந்த அறிகுறியும் இல்லை, எல்லாம் நன்றாக ஓடுகிறது

இப்போதுதான் காப்பி எடுக்கவேண்டும். ஒரு வெளி ஹார்டு டிஸ்க், வாரத்துக்கு ஒரு நாள், எடுத்ததும் கழற்றிப் பீரோவில். எப்போதும் மாட்டியே வைத்திருந்தால் வைரஸும் இடியும் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். இன்னொரு பிரதி ஊருக்கு வெளியே: கூகுள் டிரைவில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5 ஜிபி இலவசம், வேர்டு ஃபைலுக்கு அது தாராளம். ஆனால் ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு. கம்ப்யூட்டரில் அழித்தால் அங்கேயும் அழியும், குப்பையில் முப்பது நாள்தான் இருக்கும்.

நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு ஒவ்வொரு நாளும் தேதி போட்டுப் புதுப் பெயரில் சேவ் செய்யுங்கள். மாதம் ஒரு முறை அந்தப் பேக்கப் டிஸ்க்கை வேறு ஒரு மெஷினில் மாட்டி, ஏதாவது நாலு ஃபைலைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை உருட்டிப் பாருங்கள்.